க்வெஸ்ட் ஹெட்செட்டிலிருந்து கணினிக்கு: கட் வேண்டாம், காப்பி போதும்

ஒவ்வொரு செமஸ்டர் கடைசியிலும் எங்கள் லேபில் இதே கதைதான். மறுநாள் ப்ராஜெக்ட் ரிவ்யூ இருக்கும். ரெக்கார்ட் செய்த டெமோ வீடியோ இன்னும் ஹெட்செட்டுக்குள்ளேயே கிடக்கும். லேபைப் பூட்டப் போகும் நேரத்தில், "மேம், ஒரே ஒரு ஃபைல்தான், அஞ்சு நிமிஷம்" என்று இரண்டு பேர் வந்து நிற்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, நானும் ஆரம்பத்தில் செய்ததுதான். அதனால்தான் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள், வயரைச் சரியாகச் சொருகுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். இங்கே சொல்வது மெட்டா நிறுவனத்தின் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்களான க்வெஸ்ட் 2, 3, 3எஸ் மூன்றுக்கும் பொருந்தும். மூன்றுமே உள்ளுக்குள் ஆண்ட்ராய்டுதான், மூன்றிலும் மெமரி கார்டு போட இடம் கிடையாது. உள்ளே இருப்பதை வெளியே எடுக்க யூஎஸ்பி வயர் அல்லது இன்டர்நெட், இரண்டில் ஒன்று வேண்டும்.

கேபிள்

சில சார்ஜிங் வயர்களில் டேட்டா போகும் கம்பியே இருக்காது. டிரைவர் மென்பொருள் தேடி இன்டர்நெட்டில் அலையும் முன் வயரை மாற்றிப் பாருங்கள்.

அனுமதி கேட்பது ஹெட்செட்டுக்குள்

கணினித் திரையை எவ்வளவு நேரம் முறைத்தாலும் ஃபோல்டர் காலியாகத்தான் தெரியும். ஹெட்செட்டைத் தலையில் மாட்டி, லாக்கை எடுத்து, யூஎஸ்பி நோட்டிஃபிகேஷனில் அனுமதி கொடுங்கள். அவசரத்தில் அதைத் தள்ளிவிட்டிருந்தால் நோட்டிஃபிகேஷன் பட்டியலில் போய்த் தேடுங்கள். கூடவே லிங்க் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லிங்க் என்பது கணினியில் ஓடும் விஆரை ஹெட்செட்டில் பார்ப்பதற்கு. ஃபைல் எடுக்க அது தேவையில்லை.

கட்-பேஸ்ட்

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

இறுதியாண்டு மாணவர்கள் இருவர் வெல்டிங் பழகுவதற்கு ஒரு விஆர் பயிற்சி செய்திருந்தார்கள். நல்ல வேலை. பக்கத்து ஐடிஐயில் அனுமதி வாங்கி, இதுவரை ஹெட்செட்டையே தொடாத பையன்களுக்கு மாட்டிவிட்டு, அவர்கள் உள்ளே என்ன பார்க்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை மைக்கோடு சேர்த்து ரெக்கார்ட் செய்தார்கள். "ராடை எந்தக் கையில புடிக்கணும்?" என்று ஒரு பையன் கேட்பது, பக்கத்தில் நின்ற இன்ஸ்ட்ரக்டர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வது, எல்லாம் அந்த வீடியோக்களில் இருந்தது. ப்ராஜெக்டின் உயிரே அதுதான். முதல் தடவை மாட்டுகிறவரின் தடுமாற்றத்தை இரண்டாம் தடவை ரெக்கார்ட் செய்ய முடியாது.

ஹெட்செட்டில் இடம் தீர்ந்துவிட்டது. அடுத்த பேட்சுக்குக் காலி செய்து தர வேண்டும். அதனால் அத்தனை வீடியோவையும் தேர்ந்தெடுத்து, கட் கொடுத்து, டெஸ்க்டாப்பில் பேஸ்ட் செய்திருக்கிறார்கள். ஹெட்செட்டை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். தலையிலிருந்து கழற்றி வைத்தால் ஹெட்செட் தூங்கிவிடும் (க்வெஸ்ட் 2, 3இல் லென்ஸ்களுக்கு நடுவில் இருக்கும் சென்சார் இதைக் கவனிக்கும், 3எஸ்ஸில் அந்த சென்சார் இல்லை). பல நேரம் யூஎஸ்பி இணைப்பும் அதோடு அறுந்துவிடும். திரும்பி வந்து பார்த்தால் பச்சைப் பட்டை பாதியில் நிற்கிறது. வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார்கள். டெஸ்க்டாப்பில் எல்லாப் பெயரும் இருக்கிற மாதிரி தெரிந்தது. ஹெட்செட்டில் இன்னும் சில வீடியோ மிச்சம் இருந்தது. "அதான் வந்துடுச்சே" என்று அந்த மிச்சத்தை அழித்தார்கள்.

அந்த மிச்சம்தான் நகர்ந்து முடியாத வீடியோ. டெஸ்க்டாப்பில் இருந்தது அதே பெயரில் ஒரு பாதி ஃபைல்.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் கை தானாகவே கட் பக்கம் போகாது. க்வெஸ்ட்டை கணினியில் சொருகும்போது அது பென் டிரைவ் மாதிரி இணைவதில்லை. நடுவில் எம்டிபி என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பாட்டு கேட்கும் சின்னக் கருவிகளுக்காக மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது அது. பிறகு ஆண்ட்ராய்டும் எடுத்துக்கொண்டது. ரேஷன் கடை கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடோனுக்குள் நுழைய முடியாது. கார்டை நீட்டினால் உள்ளே இருப்பவர் எடுத்து வந்து தருவார். கணினி கேட்கிறது, ஹெட்செட் தருகிறது. ஹெட்செட் தூங்கிவிட்டால் கவுண்டரில் ஆள் இல்லை.

இதனால் மூன்று விளைவுகள். ஒன்று, எம்டிபியில் கட் என்பது உண்மையில் இரண்டு வேலை: முதலில் காப்பி, அப்புறம் டெலீட். நடுவில் இணைப்பு போனால் சில ஃபைல் இங்கே, சில அங்கே, ஒன்று அங்கே முழுதாகவும் இங்கே அரைகுறையாகவும் என்று சிதறிவிடும். இரண்டு, விட்ட இடத்திலிருந்து அது தொடராது. மூன்றுதான் மோசமானது: எம்டிபி வழியாக அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. போனது போனதுதான்.

ரெகவரி சாஃப்ட்வேர் இருக்கிறதே என்பார்கள். இந்த மாணவர்களும் ஊரில் ஒரு கடைக்குப் போனார்கள். "எடுத்துடலாம் தம்பி" என்று முன்பணம் வாங்கி வைத்துக்கொண்டு, நாள் கடத்தி, கடைசியில் கையை விரித்தார்கள். ரெகவரி மென்பொருள் வேலை செய்ய டிரைவை நேரடியாகப் படிக்க வேண்டும். எம்டிபி அதற்கு வழிவிடாது. வழி கிடைத்தாலும் உள்ளே இருக்கும் சேமிப்பு என்கிரிப்ட் செய்யப்பட்டது, அதாவது வெளியாள் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டது. முன்பணம் கேட்கும் கடையில் இந்த இரண்டையும் எப்படித் தாண்டுவீர்கள் என்று கேளுங்கள்.

சரி, டெஸ்க்டாப்பில் இருந்த பாதி ஃபைலாவது ஓடியதா? இல்லை. இரட்டைக் கிளிக் செய்தால் பிளேயர் திறந்து, ஒரு நொடி கறுப்பாக நின்று, பிழைச் செய்தி காட்டியது. எம்பி4 வீடியோவில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒன்று உண்டு. ரெக்கார்ட் செய்யும் கருவிகள் பெரும்பாலும் அதைக் கடைசியில்தான் எழுதும். பாதி வந்த ஃபைலில் படம் இருக்கும், அட்டவணை இருக்காது. அதே ஹெட்செட்டில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று கையில் இருந்தால், அதை மாதிரியாக வைத்து பாதி ஃபைலைச் சரிசெய்யும் அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதை வைத்து கொஞ்சம் மீட்டோம். பையன் ராடைப் பிடிக்கும் இடம் வந்தது. அவன் கேள்வி கேட்கும் முன் வீடியோ முடிந்துவிட்டது.

இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகும் அந்த இருவரில் ஒருவர் என்னிடம் சொன்ன பதில்: "காப்பி பண்ணா ரெண்டு எடத்துலயும் இருக்குமே மேம், அதான் கட் பண்ணோம்." இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும் என்பதுதானப்பா விஷயமே!

எப்படிச் செய்ய வேண்டும்? விண்டோஸில் க்வெஸ்ட்டைத் திறந்து, ஆக்குலஸ் என்ற ஃபோல்டருக்குள் போனால் வீடியோஷாட்ஸ், ஸ்க்ரீன்ஷாட்ஸ் என்று இரண்டு இருக்கும். வேண்டியதை மவுசால் இழுத்து கணினி ஃபோல்டரில் போடுங்கள். எம்டிபியில் இழுத்துப் போட்டால் காப்பிதான் ஆகும், மூலம் அங்கேயே இருக்கும். கீபோர்டில் கட் கொடுக்கும் எக்ஸும் காப்பி கொடுக்கும் சியும் பக்கத்துப் பக்கத்துச் சாவிகள் என்பதால் நான் லேபில் கீபோர்டையே தொட வேண்டாம் என்கிறேன். செட்டிங்ஸில் ஹெட்செட் தூங்கும் நேரத்தை முன்கூட்டியே நீட்டி வைத்துவிடுங்கள். எத்தனை ஃபைல், மொத்தம் எவ்வளவு அளவு என்பதை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு வீடியோவையும் கணினியில் திறந்து, கடைசி நிமிடத்துக்கு இழுத்துப் பாருங்கள். முதல் ஐந்து நொடி ஓடினால் போதாது, கடைசி ஓட வேண்டும். கணினியிலிருந்து வேறொரு டிஸ்க்குக்கும் ஒரு நகல் போன பிறகு ஹெட்செட்டில் அழியுங்கள். அதையும் இன்றே அழிக்க வேண்டும் என்று யாரும் அடிக்கவில்லை.

ஆப் உருவாக்குபவர்களுக்கான டெவலப்பர் மோடு போட்டு வைத்திருப்பவர்கள், கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு கருவிக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி மென்பொருளின் 'புல்' (pull) கட்டளையைப் பயன்படுத்தலாம். எனக்குப் பிடித்த வழி அதுதான். அதற்குக் காப்பி செய்யத்தான் தெரியும், மூலத்தைத் தொடாது. தேதி மாறாமல் எடுக்கவும் அதில் வசதி உண்டு.

இடம் வேண்டும் என்று ஆப்பை அன்இன்ஸ்டால் செய்வது

வீடியோ வேறு, ஆப்புக்குள் நீங்கள் செய்துவைத்த வேலை வேறு. விஆரில் ஓவியம் வரையும் டில்ட் பிரஷ் ஆப்பை 2021இல் கூகுள் ஓப்பன் சோர்ஸ் ஆக்கிய (நிரலை எல்லாருக்கும் திறந்துவிட்ட) பிறகு அதிலிருந்து வந்தது ஓப்பன் பிரஷ். அது உங்கள் ஓவியங்களைத் தன் பெயரில் தனி ஃபோல்டரில் டில்ட் ஃபைல்களாக வைக்கும். கணினியில் பார்த்து எடுத்துவிடலாம். எல்லா ஆப்பும் அப்படி நல்ல பிள்ளை இல்லை. பல ஆப்கள் ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள், டேட்டா என்பதற்குள், தன் பேக்கேஜ் பெயரில் (ஆண்ட்ராய்டு ஆப்பை அடையாளம் காணும் பெயர்) ஒளித்து வைக்கும். ஆப்பை நீக்கினால் அந்த ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும். ஆண்ட்ராய்டின் வழக்கம் அது. நீக்கும் முன் ஆப்புக்குள் எக்ஸ்போர்ட் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கிளவுட் பேக்கப் பச்சையாக எரிகிறது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அது ஆப்களின் சேமிப்புக்கு, அதிலும் எல்லா ஆப்பும் சேர்வதில்லை. வீடியோஷாட்ஸ் ஃபோல்டருக்கு அது காவல் இல்லை. பின் நம்பரை மறந்து ஃபேக்டரி ரீசெட் போனவர்கள் இதை நன்றாகவே தெரிந்துகொண்டிருப்பார்கள்.

எடுத்த வீடியோ கணினியில் தெரியவில்லை

அழிந்துவிட்டது என்று பதறாதீர்கள். உள்ளே இருக்கும் பட்டியலைப் பார்த்துத்தான் எம்டிபி ஃபைல்களைக் காட்டுகிறது. புதிதாக வந்தது பட்டியலில் ஏறத் தாமதமாகும். ஹெட்செட்டை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

ஜன்னலோரம்

காப்பி ஆகட்டும் என்று ஹெட்செட்டை லென்ஸ் மேலே பார்க்க வைத்துவிட்டுப் போவது. எங்கள் லேபில் மேற்குப் பக்க ஜன்னல், நாலு மணிக்கு வெயில் மேசை வரை வரும். லென்ஸில் விழும் வெயில் ஒரு புள்ளியில் குவிந்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும். ஹெட்செட் அணைந்திருந்தாலும் சுடும். சில நிமிடம் போதும். பிறகு எந்த ஆப்பைத் திறந்தாலும் பார்வையில் அந்தக் கறை இருக்கும், திரையை மாற்றினால் தவிரப் போகாது. யூஎஸ்பி வயர் குட்டையாக இருக்கிறதே என்று கணினிக்குப் பக்கத்தில், அதாவது ஜன்னலுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். லென்ஸ் மேல் ஒரு துணியைப் போடுங்கள், அல்லது திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்

ஹெட்செட்டிலிருந்து அதன் போன் ஆப்புக்கு அனுப்பி, போனிலிருந்து தனக்குத் தானே வாட்ஸ்அப் செய்து, கணினியில் டவுன்லோட் செய்யும் சுற்றுவழி. வீடியோவாக அனுப்பினால் சுருக்கிவிடும். எழுத்துகள் பொடிப்பொடியாக உதிரும். அவசரத்துக்கு டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை தாங்கும். ஆனால் நொடிக்கு 10 மெகாபிட் கணக்கில் எடுத்த ஒரு மணி நேர வீடியோ 4.5 ஜிபி வரும். வயரைத் தேடுவதே நல்லது. அதே 4.5 ஜிபி, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பழைய பென் டிரைவிலும் ஏறாது. ஒரு ஃபைலுக்கு 4 ஜிபிதான் அதன் எல்லை.

மேக் வைத்திருப்பவர்கள்

மேக்கில் எம்டிபி தானாக வராது. ஆண்ட்ராய்டு ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்ற பழைய கூகுள் மென்பொருளை இன்னும் தேடிக்கொண்டிருக்காதீர்கள், கூகுள் அதைக் கைவிட்டுவிட்டது. ஓப்பன்எம்டிபி இருக்கிறது, இலவசம். ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் ஹெட்செட்டைப் பிடித்துக்கொள்ள முடியும். அதனால் மற்றவற்றை மூடிவிட்டுத் திறங்கள்.

ஹெட்செட்டில் இருக்கும்போதே பெயர் மாற்றுவது

வேண்டாம். ஃபைல் பெயரிலேயே எந்த ஆப், எந்தத் தேதி, எத்தனை மணி என்பது இருக்கிறது. காப்பி செய்யும்போது கணினி காட்டும் தேதி மாறினாலும் பெயரில் இருப்பது மாறாது. "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் ஒரிஜினல்" எல்லாம் கணினிக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நேராக எடிட்டரில் திறப்பது

நடக்காது. முதலில் காப்பி.

கழற்றுவது

பென் டிரைவுக்குச் செய்வது போல எஜெக்ட் தேட வேண்டாம், எம்டிபிக்கு அது தேவையில்லை. பட்டை முழுதாக ஓடி, கணினித் திரையில் அந்தக் காப்பிக் கட்டம் மூடிய பிறகு வயரை எடுங்கள். எடுத்ததும் வயரை ஹெட்செட்டோடு தொங்கவிடாமல் டிராயரில் வையுங்கள். எங்கள் லேபில் அடுத்து வருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.