சாதுவான டரான்டுலா வளர்ப்பு: புதிதாகத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டரான்டுலா என்னும் முடி அடர்ந்த பெரிய சிலந்தியை வளர்க்க ஆசைப்படும் நம் வேலூர்ப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "ஜவ்வாது மலையிலேயே பெரிய பெரிய சிலந்தி இருக்கே, அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் என்ன?" என்பதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள். நம் பக்கத்து மரச்சிலந்தியான பொயிசிலோதீரியா ரெகாலிஸை 1899இல் போகாக் என்ற விலங்கியலாளர் முதன்முதலாக விவரித்தார், அதற்கு ஆதாரமான சிலந்தி கிடைத்த இடம் நம் அரக்கோணம். அந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும், சிலந்தி அதன் மரப்பொந்தில் இருக்கட்டும். அது மின்னல் வேகத்தில் ஓடும், கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நீடிக்கலாம், பழக்கமில்லாதவர் கைக்கு அது ஆகவே ஆகாது.

சாது என்று சொல்லப்படுபவை அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. சிலி நாட்டு ரோஸ் ஹேர், மத்திய அமெரிக்காவின் கர்லி ஹேர், மெக்சிகோவின் ரெட் நீ. வாங்கும்போது காகிதம் எதுவும் கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவதும் பெரிய தவறு. ரெட் நீ, காட்டுயிர்களின் பன்னாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள இனம், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வன உயிரினச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட உயிரை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

அடுத்தது பெட்டி. உயரமான மீன் தொட்டியை வாங்கி, அடியில் இரண்டு விரல் மண் போட்டு விட்டுவிடுகிறார்கள். இவை தரையில் வாழ்பவை, ஆனாலும் கண்ணாடியில் ஏறிப் பார்க்கும், வயிற்றுத் தோலோ மிக மெல்லியது, ஓரடி உயரத்திலிருந்து விழுந்தாலே கிழிந்து உயிர் போகலாம். மண்ணுக்கும் மூடிக்கும் நடுவே சிலந்தியின் கால் விரிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி வேண்டாம். தென்னை நார்க்கழிவுத் தூளைக் கழுவிக் காயவைத்து கெட்டியாக அழுத்தி நிரப்புங்கள், ஒளிந்துகொள்ள பாதி கொட்டாங்குச்சி, ஒரு சின்னத் தண்ணீர்த் தட்டு, அவ்வளவுதான். தட்டில் பஞ்சு வைக்காதீர்கள், அழுக்கு சேரும்.

வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துச் சூடாக்கும் விரிப்பு வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பதைக்கிறது. கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர் இது! மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம், மேற்குப் பார்த்த ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம், வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் கீழ்த்தட்டில் வையுங்கள், தண்ணீர் வற்றவிடாதீர்கள். அதே அறையில் கொசுவர்த்தி, கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரே எதுவும் கூடாது, பூச்சியைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும். தோட்டத்து வெட்டுக்கிளியைப் பிடித்துப் போடுவதும் இதனால்தான் ஆபத்து, எந்த வயலில் என்ன மருந்து அடித்தார்களோ.

சாதுதானே என்று தினமும் கையில் எடுக்காதீர்கள். மிரண்டால் பின்னங்காலால் வயிற்று முடியை உதறிவிடும், அது கண்ணில் பட்டால் மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும். பெட்டியைச் சுத்தம் செய்தபின் கை கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள்.

சிலந்திகளைப் பலிவாங்கும் இன்னொரு தவறு, அவை பழைய தோலைக் கழற்றும் தோலுரிப்பு நேரத்தில் நாம் படும் அவசரம். எங்கள் ரோஸ் ஹேர் ஒன்றரை மாதமாக எதையும் தொடவில்லை, வயிற்றின் வழுக்கை இடம் கறுத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் காலை வெள்ளை வலை விரிப்பின்மேல் மல்லாந்து கிடந்தது. "டேய், செத்துப்போச்சுடா, எடுத்துப் போடு" என்றார் அம்மா. இறக்கும் சிலந்தி பெரும்பாலும் நின்ற நிலையிலேயே கால்களை உள்ளே மடக்கிச் சுருண்டுகொள்ளும், மல்லாந்து கிடந்தால் அது தோலுரிக்கிறது என்று அவருக்குச் சொல்லிவிட்டு, பெட்டியைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகு ஓடு டப்பா மூடி போலத் திறந்தது. அப்புறம் ஒவ்வொரு காலும், கையுறையிலிருந்து விரலை உருவுவது மாதிரி, நின்று நின்று வெளியே வந்தது. மதியத்துக்குமேல்தான் முடிந்தது. நச்சுப்பல் பால் பல் போல வெள்ளையாக இருந்தது.

இந்த நேரத்தில் திருப்பிப் போடுவது, தண்ணீர் தெளிப்பது, பசிக்குமே என்று இரையாகச் சுவர்க்கோழிப் பூச்சியை உள்ளே விடுவது எல்லாமே ஆபத்து. உடல் மெத்தென்று இருக்கும்போது சுவர்க்கோழியே அதைக் கடித்துக் கொன்றுவிடும். வளர்ந்த சிலந்தி என்றால் பத்து பதினைந்து நாள் பொறுங்கள், நச்சுப்பல் முழுக்கக் கறுக்கட்டும். எங்கள் வீட்டில் பதினான்காம் நாள் ஒரு சின்னச் சுவர்க்கோழியை விட்டேன். ரோஸ் ஹேர் இரண்டு கால் எடுத்து வைத்தது, பிடித்தது, கொட்டாங்குச்சிக்குள் போய்விட்டது.