ஜூலை மாத ஏரியை நம்பாதீர்கள்

பின்லாந்தில் ஏரிக்கரையில் பொதுச் சவுனா (அடுப்பில் சூடேறிய கற்களில் நீர் ஊற்றி, ஆவியில் வியர்க்கும் குளியலறை) வடிவமைக்கத் தொடங்கும் இளைஞர்களின் வரைபடங்கள் அவ்வப்போது என் மேசைக்கு வருகின்றன. பெரும்பாலும் அதே பிர்ச் மரங்கள், அதே நீல நீர், நான் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகள். சோப்பு நீரை ஏரியில் விடக் கூடாது என்பதெல்லாம் இவர்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோடையில் அளந்த கரை

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். வெயில் நாளில் கரைக்குப் போகிறார்கள், அன்றைய நீர்மட்டத்துக்கு மரத்தளமும் ஏணியும் வரைகிறார்கள். சவுனாவிலிருந்து எழுந்து குளிர்நீரில் இறங்கும் கூட்டமோ உறைபனிக் காலத்தில்தான் வருகிறது. தம்பெரே நகரை ஒட்டிய நாஸியார்வி போன்ற ஏரிகளில் நீர்மட்டத்தை மனிதர்களே கட்டுப்படுத்துகிறார்கள். வசந்தத்தில் உருகி வரும் நீருக்கு இடம் வேண்டும் என்பதால் குளிர்காலத்தில் மட்டத்தை இறக்குவார்கள். ஏப்ரல் நெருங்கும்போது உங்கள் ஏணியின் கடைசிப் படி அந்தரத்தில் தொங்கும்.

அதைக்கூடச் சரிசெய்துவிடலாம். தூண்களின் கதை வேறு. ஏரி உறையும்போது பனிக்கட்டி தூணை இறுகப் பற்றிக்கொள்கிறது. பிறகு நீர் ஏறினால் பனிப்பாளமும் ஏறும், பிடித்த தூணையும் பிடுங்கிக்கொண்டு. அடியில் விழுந்த இடைவெளியை மண் நிரப்பிவிடுவதால் தூண் பழைய இடத்துக்கு இறங்காது. ஒரு சிறு நகரத்தில் நடுத்தூண்கள் இப்படி எழும்பி, தளம் ஒட்டக முதுகாகிவிட்டது. பழுது பார்க்க அழைத்தார்கள்; புதிதாகக் கட்டுவதே மலிவு என்று சொல்லிவிட்டு வந்தேன். வரைந்தவரிடம் விசாரித்தபோது, “நான் பார்த்த அன்று தண்ணீர் இங்கேதான் இருந்தது” என்றார். இருந்திருக்கும், அது ஜூலை!

மிதக்கும் தளம் போடுங்கள், அல்லது தூணைப் பாறையில் துளைத்து ஊன்றுங்கள். முங்கும் இடம் உறைந்து மூடிக்கொள்ளாதிருக்க நீரைக் கலக்கும் பம்பு வேண்டும். குளித்தவர் உடலிலிருந்து சொட்டும் நீர் நடைபாதையிலேயே உறையும்; படிகளில் சூடேற்றும் கம்பியோ சொரசொரப்பான ரப்பர் விரிப்போ அவசியம். ஈரக் கை உறைந்த உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே கைப்பிடி மரத்தில் இருக்கட்டும். இரண்டு பக்கமும் இருக்கட்டும்: குளிர்நீரிலிருந்து ஏறுபவரின் விரல்களில் பிடிமானம் குறைந்திருக்கும்.

சுவரெல்லாம் கண்ணாடி

டிசம்பரில் பிற்பகல் மூன்று மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. அதன்பின் உள்ளே இருப்பவருக்குக் கண்ணாடியில் தன் முகம்தான் தெரியும். வெளியே நிற்பவருக்கு இவர் முழுதாகத் தெரிவார். ஹெல்சிங்கியில் 2016இல் திறந்த ‘லொய்லு’ என்ற பொதுச் சவுனாக் கட்டடத்தை மரச்சட்டங்களால் போர்த்தினார்கள். உள்ளிருந்து கடலைப் பார்க்கலாம், வெளியிலிருந்து எட்டிப் பார்க்க முடியாது. கண் மட்டத்தில் அகலமான சன்னல் ஒன்று போதும்.

தாழ்ந்த இருக்கை

உட்கார்ந்திருப்பவரின் பாதம் அடுப்புக் கற்களின் மட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலை வேகும், கால் விறைக்கும்.

ஒலிபெருக்கி

வேண்டாம்.

எல்லோரும் முங்குவார்கள் என்ற நினைப்பு

தம்பெரேயில் 1906 முதல் இயங்கும் ராயாபோர்த்தி சவுனாவின் வாசலில் ஏரி இல்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு முற்றத்தில் அமர்ந்து ஆறுகிறார்கள், ஊர்க்கதை பேசுகிறார்கள். இயற்கையோடு இருப்பதற்கு அவர்களுக்கு அந்தக் குளிர்காற்றே போதுமானதாக இருக்கிறது. எனக்கு வரும் வரைபடங்களில் ஏணிக்கு ஒரு தாளே ஒதுக்கியிருப்பார்கள், காற்று மறைவில் ஒரு பெஞ்சு இருக்காது. அதைச் சவுனாக் கதவுக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.