கடித நாவலை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடித வடிவில் எழுதப்பட்ட நாவலைப் பாதியில் மூடிவைப்பவர்கள் பெரும்பாலும் அதில் ஒரு கதைசொல்லியைத் தேடி ஏமாந்தவர்களாகவே இருப்பார்கள். அப்படி ஒருவர் அங்கே இல்லை. ஒருவர் இன்னொருவருக்கு, ஏதோ ஒரு காரியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியவை மட்டுமே நம் கைக்குக் கிடைக்கின்றன.

கடிதத்தின் தலைப்பில் உள்ள தேதியையும் பெயரையும் பாராமல் நேரே உள்ளே நுழைவது பலருக்கும் உள்ள பழக்கம். 1897இல் வெளியான பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வில், டிராகுலா பிரபுவின் கோட்டையில் சிக்கிக்கொண்ட இளம் வழக்கறிஞர் ஹார்க்கரிடம், வேலை முடியப்போகிறது, நாளை புறப்படுகிறேன், கோட்டையை விட்டுப் புறப்பட்டுவிட்டேன் என்று மூன்று கடிதங்களை முன்கூட்டியே எழுதித் தரும்படி பிரபு கேட்கிறார். ஜூன் 12, 19, 29 எனத் தேதிகளையும் அவரே சொல்கிறார். அப்போது நடப்பது மே மாதம். தன் ஆயுள் எதுவரை என்பது ஹார்க்கருக்கு அந்தத் தேதிகளிலிருந்தே புரிந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய தவறு, எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடுவது. பிரெஞ்சு எழுத்தாளர் லாக்லோ 1782இல் வெளியிட்ட ‘ஆபத்தான உறவுகள்’ 175 கடிதங்களால் ஆனது. அதில் 48ஆவது கடிதம், தூக்கமிழந்து தவிக்கும் காதலன் ஒருவன் தான் விரும்பும் பெண்ணுக்கு எழுதியதுபோல் உருக்கமாக இருக்கிறது. அதற்கு முந்தைய கடிதத்தைக் கவனமாகப் படித்தவருக்கோ, அந்தக் காதலனாக நடிக்கும் வால்மோன் அதை வேறொருத்தியின் படுக்கையில், அவள் உடலையே மேசையாக்கிக்கொண்டு எழுதினான் என்பது தெரியும். ‘நான் எழுதும் இந்த மேசை’ என்று அவன் குறிப்பிடும் இடத்தில், கடிதத்தைப் பெறுபவள் ஒரு பொருளையும் நாம் இன்னொரு பொருளையும் கொள்கிறோம். ஆகவே ஒவ்வொரு கடிதத்தையும், அதைப் பெறுபவரின் கண்ணால் ஒருமுறையும் எழுதியவரின் நோக்கத்தோடு ஒருமுறையும் பார்ப்பது நல்லது. ஒரே நிகழ்ச்சி இருவர் கடிதங்களில் வரும்போது, கூறியது கூறல் என்று இரண்டாவதைப் புரட்டிவிடுவதும் இதே தவற்றின் மறுபக்கம்தான். ஒருவர் சொல்லி மற்றவர் சொல்லாமல் விட்டதில்தான் கதை இருக்கிறது.

இவ்வளவு நீளமாக யார் கடிதம் எழுதுவார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. மேடையில் ஒருவர் தனக்குத்தானே உரக்கப் பேசுவதை ஏற்றுக்கொள்ளும் நாம் இதையும் ஏற்றுக்கொள்ளலாம்.

பதில்கள் இல்லாத நாவலை ஒருவரின் நாட்குறிப்பைப்போல் வாசிப்பதும் சரியன்று. 1774இல் வெளியான கதேயின் ‘வெர்தர்’ நாவலில் நண்பன் வில்ஹெல்மின் கடிதங்கள் அச்சிடப்படவில்லை என்றாலும், வெர்தர் தரும் மறுப்புகளிலிருந்து அவன் என்ன அறிவுரை கூறியிருப்பான் என்று ஊகிக்க முடிகிறது. இறுதிப் பகுதியில் பதிப்பாசிரியர் குறுக்கிட்டுக் கதையைத் தாமே தொடரும்போது, அதுவரை நாம் கேட்டதெல்லாம் ஒருவனுடைய குரல் மட்டுமே என்பது உறைக்கிறது.

முன்னுரையைத் தாண்டிச் செல்வதை மற்ற நாவல்களில் மன்னிக்கலாம். இங்கே அதுவும் பல வேளைகளில் புனைவின் பகுதி. லாக்லோவின் நூலில் இவை உண்மைக் கடிதங்கள் என்கிறார் தொகுப்பாளர். அதற்கு முன்பாகவே, இது வெறும் நாவல்தான் என்று ஐயப்படுகிறார் பதிப்பாளர். இரண்டையும் எழுதியவர் லாக்லோதான்.