கணினி ஸ்பீக்கரைத் தொலைக்காட்சியுடன் இணைப்பது எப்படி?

இன்றைய மெல்லிய தொலைக்காட்சிகளில் படம் எவ்வளவு துல்லியமாகத் தெரிந்தாலும் ஒலி மட்டும் மனநிறைவு தருவதில்லை. ஸ்பீக்கர் காற்றை முன்னும் பின்னும் தள்ளித்தான் ஒலி எழுப்புகிறது. அதற்கு இடமும் ஆழமும் வேண்டும். சில சென்டிமீட்டர் தடிமனுள்ள பெட்டிக்குள் அடக்கப்பட்ட சிறு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்சுவரை நோக்கியோ பொருத்தப்பட்டிருப்பதால், வசனம் நேராகக் காதுக்கு வராமல் மேசையிலும் சுவரிலும் பட்டுச் சிதறி வருகிறது. பேச்சு புரியவில்லையே என்று ஒலியைக் கூட்டினால், அடுத்த காட்சியில் வரும் சண்டைச் சத்தம் காதைப் பிளக்கிறது. காது சற்று மந்தமான பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது அன்றாடத் தொல்லை. பயன்படாமல் கிடக்கும் கணினி ஸ்பீக்கர் ஒரு ஜோடி வீட்டில் இருந்தால், புதிதாக சவுண்ட்பார் வாங்குவதற்கு முன் அதை இணைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

கணினி ஸ்பீக்கர் இதற்கு ஏற்றதாக இருப்பதற்குக் காரணம், அதற்குள்ளேயே ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் இருப்பதுதான். மின்சாரம் கொடுத்து, மெல்லிய ஒலிச் சமிக்ஞையை அனுப்பினால் போதும்; மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆம்ப்ளிஃபயர் இல்லாத, வெறும் ஒயர் முனையுடன் வரும் இசைப்பெட்டி ஸ்பீக்கரை இந்த முறைகளில் இணைக்கக் கூடாது. தொலைக்காட்சியின் ஹெட்போன் ஜாக்கால் அதை இயக்கவும் முடியாது.

வேலையைத் தொடங்குமுன் ஸ்பீக்கரைக் கைப்பேசியிலோ கணினியிலோ செருகி, இரு பக்கமும் ஒழுங்காக ஒலிக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பழுதான ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு தொலைக்காட்சியின் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் அலைச்சல்.

முதலில் வெளியீடு எதுவென்று கண்டறியுங்கள்

தொலைக்காட்சியின் பின்புறமும் பக்கவாட்டிலும் உள்ள துளைகளில் பெரும்பாலானவை உள்ளீடுகள். வெளியிலிருந்து படத்தையும் ஒலியையும் வாங்குவதற்கானவை. நமக்குத் தேவை ஒலியை வெளியே தரும் துளை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று வரிசையாக இருப்பவற்றைப் பார்த்தவுடன் ஸ்பீக்கரை அங்கே செருகிவிடுவது பலரும் செய்வது. அருகில் 'இன்' என்று அச்சிட்டிருந்தால் அது உள்ளீடு; அதில் என்ன செருகினாலும் ஒலி வராது. 'அவுட்' என்றோ, ஹெட்போன் படத்துடனோ, 'ஆப்டிகல்' என்றோ, 'ஏ.ஆர்.சி.' என்றோ குறித்திருப்பவற்றையே தேட வேண்டும். 3.5 மி.மீ. வட்டத் துளை ஒன்று இருந்தாலும் அதன் குறிப்பைப் படித்துப் பாருங்கள். சில மாடல்களில் அது பழைய வீடியோ கருவிகளை இணைப்பதற்கான உள்ளீடாக இருக்கும்.

ஹெட்போன் ஜாக் இருந்தால்

உங்கள் தொலைக்காட்சியில் ஹெட்போன் ஜாக் இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம் என்பதே என் கருத்து. கணினி ஸ்பீக்கரின் பச்சை நிற 3.5 மி.மீ. பின் அதில் அப்படியே பொருந்தும், எந்த மாற்றியும் தேவையில்லை. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரின் ஒலி அளவை முழுவதும் குறைத்து வைத்துவிட்டுச் செருகுங்கள். பெரும்பாலான தொலைக்காட்சிகளில் பின் செருகப்பட்டவுடன் உள் ஸ்பீக்கர் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் ஒலி அமைப்புகளுக்குள் சென்று, ஒலி வெளியீட்டை ஹெட்போன் அல்லது வெளி ஸ்பீக்கர் என்று மாற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் தெளிவு கூடாது. ஒன்றோடொன்று மோதிக் குழப்பத்தான் செய்யும்.

பின்னை இறுதிவரை அழுத்திச் செருகுவது மிக முக்கியம். அதன் உலோகத் தண்டில் இரண்டு கறுப்பு வளையங்கள் தெரியும். அவை தண்டை மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன. நுனி இடப்பக்கத்துக்கும், நடுப்பகுதி வலப்பக்கத்துக்கும், அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான தரை இணைப்புக்கும் உரியவை. பின் சரியாக அமராமல் இந்தத் தரை இணைப்பு விட்டுப்போனால் விசித்திரமான ஒரு கோளாறு வரும்: பின்னணி இசை தொலைவிலிருந்து கேட்பதுபோல் கேட்கும், பேச்சு மட்டும் ஏறத்தாழ மறைந்துவிடும். வசனம் இரு பக்கத்திலும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால், தரை இணைப்பு இல்லாதபோது ஒன்றை ஒன்று அழித்துக்கொள்வதே காரணம். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று எண்ணிவிடாமல், பின்னைக் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகிப் பாருங்கள். சுவரில் மாட்டிய தொலைக்காட்சியில் பின் பாதியிலேயே நின்றுவிட வாய்ப்பு அதிகம்.

இந்த முறையின் பெரிய வசதி, தொலைக்காட்சியின் ரிமோட்டிலேயே ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம் என்பது. அளவுகளை ஒரு முறை சரியாக அமைத்துவிட வேண்டும். தொலைக்காட்சியின் ஒலியை முக்கால் பங்கு அளவுக்கு ஏற்றிவிட்டு, ஸ்பீக்கரின் குமிழியை மெதுவாகத் திருப்பி, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவைவிடச் சற்றுக் கூடுதலாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ரிமோட்டில் குறைத்துக்கொள்ளலாம். இதற்கு மாறாக, தொலைக்காட்சியில் குறைவாகவும் ஸ்பீக்கரில் முழுமையாகவும் வைத்தால், ஆம்ப்ளிஃபயர் சமிக்ஞையோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கிவிடும். அமைதியான காட்சிகளில் 'ஸ்ஸ்' என்ற ஓசை விடாமல் கேட்கும்.

ஹெட்போன் ஜாக் இல்லாமல், சிவப்பும் வெள்ளையுமான ஆர்.சி.ஏ. வெளியீடு மட்டும் இருந்தால், ஒரு முனையில் இரண்டு ஆர்.சி.ஏ. பின்களும் மறுமுனையில் 3.5 மி.மீ. பெண் ஜாக்கும் உள்ள சிறிய கேபிள் ஒன்று போதும். இவ்வெளியீட்டின் அளவு நிலையானதா, ரிமோட்டுக்குக் கட்டுப்படுவதா என்பதை ஒலி அமைப்புகளில் தேர்ந்தெடுக்க முடிந்தால், மாறும் அளவையே தேர்ந்தெடுங்கள்.

ஆப்டிகல் மட்டும் இருந்தால்

புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் ஹெட்போன் ஜாக்கை எடுத்துவிட்டார்கள். ஆனால் தோஷிபா நிறுவனம் 1983-இல் அறிமுகப்படுத்திய ஆப்டிகல் ஒலி வெளியீடு இன்றும் பலவற்றில் இருக்கிறது. சதுரம் போன்ற சிறு துளை, அதன் வாயில் ஒரு குட்டிக் கதவு, தொலைக்காட்சி இயங்கும்போது உள்ளே சிவப்பு ஒளி: இவற்றை வைத்து அதை அடையாளம் காணலாம். இதில் ஒலி மின்சாரமாக அல்ல, ஒளித்துடிப்புகளாக எண்ம (டிஜிட்டல்) வடிவில் வருகிறது. கணினி ஸ்பீக்கருக்கு அது புரியாது. ஆகவே இடையில் டி.ஏ.சி. எனப்படும் சிறிய மாற்றி ஒன்று வேண்டும். எண்ம ஒலியைச் சாதாரண ஒலிச் சமிக்ஞையாக மாற்றித்தருவது அதன் வேலை. வாங்கும்போது ஆப்டிகல் உள்ளீடும் 3.5 மி.மீ. வெளியீடும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆர்.சி.ஏ. வெளியீடு மட்டும் இருந்தால் மேலே சொன்ன கேபிளையும் சேர்த்து வாங்க நேரும்.

ஆப்டிகல் கேபிளின் இரு முனைகளிலும் நிறமற்ற பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் செருக முயன்று துளையை உடைத்துவிட வேண்டாம். முனையின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மூலைகள் சரிந்தும் இருப்பதால் ஒரே திசையில்தான் அது நுழையும்; சரியாகப் பொருந்தினால் 'டிக்' என்று அமர்வது விரலுக்குத் தெரியும். கேபிளைக் கூர்மையாக மடக்கவோ ஆணியில் முறுக்கிக் கட்டவோ கூடாது.

எல்லாம் இணைத்த பிறகும் ஒலியே வரவில்லை, அல்லது கரகரப்பு மட்டும் வருகிறது என்றால் பதற்றம் வேண்டாம். தொலைக்காட்சி டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கப்பட்ட வடிவில் ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கும், எளிய டி.ஏ.சி. மாற்றிகளுக்குப் பி.சி.எம். எனப்படும் சுருக்கப்படாத வடிவம் மட்டுமே தெரியும். ஒலி அமைப்புகளில் எண்ம ஒலி வெளியீடு என்ற பகுதிக்குச் சென்று, 'ஆட்டோ' என்றோ 'டால்பி' என்றோ இருப்பதைப் 'பி.சி.எம்.' என்று மாற்றுங்கள். ஒரு சேனலில் ஒலி வருகிறது, இணையப் படங்களில் மட்டும் வரவில்லை என்று சிலர் தவிப்பதற்கும் இந்த ஓர் அமைப்பே காரணம். மாற்றி பழுது என்று திருப்பிக் கொடுப்பதற்கு முன் இதைச் சரிபார்த்தாக வேண்டும்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. ஆப்டிகல் வழியே வரும் ஒலியின் அளவு பெரும்பாலான தொலைக்காட்சிகளில் ரிமோட்டுக்குக் கட்டுப்படாது. ஒவ்வொரு முறையும் எழுந்து சென்று ஸ்பீக்கரின் குமிழியைத் திருப்ப வேண்டியிருக்கும். அது தொல்லை என்று நினைப்பவர்கள், தனி ரிமோட்டுடன் வரும் டி.ஏ.சி. மாற்றியைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆப்டிகலும் இல்லையென்றால் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். 2009-இல் வெளியான எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்பில் வந்த, தொலைக்காட்சியின் ஒலியை எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியே வெளியே அனுப்பும் வசதி இது. இதற்கு ஏ.ஆர்.சி. ஒலியைப் பிரித்தெடுக்கும் மாற்றி தேவை. எச்.டி.எம்.ஐ. ஒலிப் பிரிப்பான் என்ற பெயரில் விற்பவை எல்லாம் இதற்கு உதவா. செட்-டாப் பாக்ஸுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் வைக்கும் வகைதான் அதிகம். அது தொலைக்காட்சிக்குள்ளேயே ஓடும் செயலிகளின் ஒலியைத் தராது. ஏ.ஆர்.சி. என்று தெளிவாகக் குறிப்பிட்டிருப்பதையே வாங்க வேண்டும்.

புளூடூத், யூ.எஸ்.பி.

ஒயர் இல்லாத இணைப்பு பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் படம் பார்ப்பதற்குப் புளூடூத்தை நான் கடைசி வழியாகவே வைப்பேன். ஒலியைச் சுருக்கி அனுப்பி மீண்டும் விரிப்பதற்கு நேரம் பிடிப்பதால், உதடு அசைந்த பிறகே சொல் வந்து சேர்கிறது. ஒலி படத்துக்கு முந்தினால் ஏறத்தாழ 45 மில்லிவினாடியிலேயே உணர்ந்துவிடும் நாம், பிந்தினால் ஏறத்தாழ 125 மில்லிவினாடிவரை உணர்வதில்லை என்று ஒளிபரப்புத் துறையின் பன்னாட்டுப் பரிந்துரை கூறுகிறது. சாதாரணப் புளூடூத் இணைப்பின் தாமதம் அந்த எல்லையையும் எளிதில் தாண்டிவிடும். சில தொலைக்காட்சிகள் இதைத் தாமாகவே ஈடுசெய்கின்றன. செய்யாவிட்டால் அமைப்புகளில் உள்ள ஒலித் தாமதத்தை மாற்றிப் பார்க்கலாம். ஆனால் பல தொலைக்காட்சிகளில் அதைக் கொண்டு ஒலியை இன்னும் பிந்தச் செய்யத்தான் முடியும், முந்தச் செய்ய முடியாது.

யூ.எஸ்.பி. ஸ்பீக்கர்களில் இரு வகை உண்டு. மின்சாரத்தை யூ.எஸ்.பி.யிலும் ஒலியை 3.5 மி.மீ. பின்னிலும் பெறுவது ஒரு வகை. தொலைக்காட்சிக்கு இது நன்றாகப் பொருந்தும். மின்சாரம், ஒலி இரண்டையும் யூ.எஸ்.பி. பின் ஒன்றிலேயே பெறும் வகையைப் பெரும்பாலான தொலைக்காட்சிகள் அடையாளம் காண்பதில்லை. முதல் வகையைத் தொலைக்காட்சியின் யூ.எஸ்.பி. போர்ட்டிலேயே செருகினால், தொலைக்காட்சியை அணைக்கும்போது பெரும்பாலும் ஸ்பீக்கரும் அணைந்துவிடும் என்பது வசதிதான். ஆயினும் யூ.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் அளவுக்கே மின்னோட்டம் தர வேண்டியது. ஓங்கிய இசையில் ஒலி உடைந்தால், கைப்பேசி சார்ஜரிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்.

'ம்ம்ம்' என்ற ரீங்காரம் வந்தால்

ஒலி நன்றாக வந்தாலும் பின்னணியில் தாழ்ந்த ரீங்காரம் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தால், கேபிள் தொலைக்காட்சி ஒயரைச் சற்று நேரம் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால், இரு கருவிகளும் வெவ்வேறு வழிகளில் தரையோடு இணைந்து, அந்தச் சுற்றில் மின்னோட்டம் ஓடுகிறது என்று பொருள். தொலைக்காட்சியையும் ஸ்பீக்கரையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுவது முதல் தீர்வு. அதிலும் நிற்காவிட்டால் 3.5 மி.மீ. ஒயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு கருவியைப் பொருத்தலாம். ஆப்டிகல் கேபிளில் மின் தொடர்பே இல்லாததால் இந்தத் தொல்லை அதில் இயல்பாக எழாது, ஆனால் டி.ஏ.சி. மாற்றிக்குத் தொலைக்காட்சியின் யூ.எஸ்.பி.யிலிருந்தே மின்சாரம் எடுத்தால் அறுந்த தொடர்பு திரும்ப வந்துவிடும், எனவே அதற்குத் தனி சார்ஜர் கொடுங்கள். ரீங்காரத்தைப் போக்குவதற்காகப் பிளக்கின் எர்த் முனையை நீக்கும் வேலையை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

வைக்கும் இடம்

கணினி ஸ்பீக்கர்கள் கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்து கேட்பதற்கென்று உருவாக்கப்பட்டவை. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி அளவு 6 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர்களின் எதிரொலியால் அவ்வளவு குறையாது என்றாலும், 3 மீட்டர் தள்ளி அமர்பவருக்கு மிகச் சிறிய ஸ்பீக்கர் போதாமல் போகலாம். அவற்றைத் தொலைக்காட்சியின் பின்னால் மறைத்து வைக்காமல், இரு பக்கமும், முன்விளிம்புக்கு இணையாக, அமர்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு நெருக்கமாக, சற்று உள்நோக்கித் திருப்பி வையுங்கள். வசனத்தின் தெளிவு இதில்தான் பாதி இருக்கிறது. கேபிள் எட்டாவிட்டால் நீட்டிப்பு ஒயர் வாங்கிக்கொள்ளுங்கள். கேபிளின் நீளத்துக்காக இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

2.1 வகையில் இரு ஸ்பீக்கர்களுடன் வரும், தாழ்ந்த ஒலிக்கான சப்-ஊஃபர் பெட்டியை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம், ஏனெனில் மிகத் தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று காதால் எளிதில் பிரித்தறிய முடியாது. ஆயினும் அறையின் மூலையில் வைத்தால் சுவர்கள் அந்த ஒலியை மேலும் பெருக்கிவிடும். செய்தி வாசிப்பவரின் குரல்கூடப் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் மாறிவிடும். மூலையிலிருந்து விலக்கி வைத்து, செய்தி ஒன்றை ஓடவிட்டு, குரல் இயல்பாகக் கேட்கும்வரை பாஸ் குமிழியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தொலைக்காட்சியின் ஒலி முறையையும் செயற்கைச் சரவுண்டிலிருந்து சாதாரண நிலைக்கு மாற்றிவிடுங்கள். ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்-ஊஃபரும் கொண்ட 5.1 வகை கணினி ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் பச்சைப் பின்னை மட்டும் செருகினால் பொதுவாக முன்பக்க ஸ்பீக்கர்கள்தான் பேசும். கறுப்பு, ஆரஞ்சுப் பின்களுக்கும் ஒலி வேண்டுமென்றால், டால்பி டிஜிட்டலைப் பிரித்து மூன்று ஜாக்குகளிலும் தரும் 5.1 டிகோடர் வாங்கி, முன்பு பி.சி.எம். என்று மாற்றிய அமைப்பை மீண்டும் டால்பி டிஜிட்டலுக்கு மாற்ற வேண்டும்.