இன்டர்நெட் போன் சிஸ்டம் வாங்கும் முன்: நம்பர் யார் பெயரில்?

கோவை, திருப்பூர் பக்கம் லேண்ட்லைனை எடுத்துவிட்டு இன்டர்நெட் போனுக்கு மாறும் சிறு நிறுவனங்கள் இப்போது நிறைய. கொட்டேஷன் வாங்குகிறார்கள், மாத வாடகையை ஒப்பிடுகிறார்கள், டெமோ பார்த்த கையோடு கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள். இன்டர்நெட் போன் வேலைக்கு வந்த புதிதில் நாங்கள் இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். நல்ல ஹெட்செட் வாங்குங்கள், கஸ்டமர் கேர் எப்படி என்று விசாரியுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நம்பர் யாருடையது என்று கேட்காமல் விடுவது

வெட் கிரைண்டர் செய்யும் நிறுவனம் ஒன்று. விற்ற ஒவ்வொரு கிரைண்டரின் பக்கவாட்டிலும் ஒரு வெள்ளி நிற ஸ்டிக்கர், அதில் சர்வீஸ் நம்பர். மாவு தெறித்து, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஓரம் உரிந்தாலும் நம்பர் மட்டும் தெளிவாக இருக்கும்படி தரமாக அச்சடித்திருந்தார்கள். அந்த நம்பர் ஒரு கிளவுட் போன் நிறுவனம், அதாவது போன் சிஸ்டத்தைத் தன் சர்வரில் வைத்து இன்டர்நெட் வழியாக வாடகைக்கு விடும் நிறுவனம், கொடுத்தது. வாடகை ஏறியது, சர்வீஸ் மோசமானது, வேறு நிறுவனத்துக்கு மாற முடிவு செய்தார்கள். நம்பரைக் கொண்டுபோக முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

“அஞ்சு வருசமா நாந்தானுங்க பணம் கட்டறேன், அப்ப நம்பர் நம்மளுதுதானுங்களே?” என்று கேட்டார் முதலாளி. இல்லை. அவர் கட்டியது வாடகை. இப்படிப்பட்ட நம்பர்களைப் பெரும்பாலும் கிளவுட் நிறுவனம் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் மொத்தமாக எடுத்து, வாடிக்கையாளருக்குப் பயன்படுத்தக் கொடுக்கிறது. ஒப்பந்தம் முடிந்தால் நம்பர் அவர்களிடமே திரும்பிப் போகும். நாளை அது வேறு யாருக்காவது போய்ச் சேரும். ஊர் ஊராகச் சமையலறைகளில் இருக்கும் ஸ்டிக்கரை யார் போய் மாற்றுவது?

மொபைல் நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு நிறுவனம் மாறும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்துவிட்டது. 044, 0422 என்று தொடங்கும் லேண்ட்லைன் நம்பருக்கு அது இன்னும் இல்லை. மொபைலில் பழகியவர்கள் எல்லா நம்பரும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். விற்க வருபவருக்கு இது நன்றாகத் தெரியும், ஆனாலும் சொல்ல மாட்டார். கேட்டால், “அதெல்லாம் பாத்துக்கலாம் சார்” என்பார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் வருவது இந்தப் பதிலைக் கேட்டால்தான். ஒரு வியாபாரத்தின் முகவரியையே அடுத்தவர் கையில் கொடுக்க வைக்கும் பதில் அது.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, உரிமம் உள்ள தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் உங்கள் கம்பெனி பெயரிலேயே எஸ்ஐபி டிரங்க் (நெட் இணைப்பு வழியாக வரும் போன் லைன்) எடுத்து, அழைப்புகளை ஆபீஸுக்குள் பிரித்துக் கொடுக்கும் பிபிஎக்ஸ் மென்பொருளைத் தனியாக வைத்துக்கொள்வது. மென்பொருள் பிடிக்காவிட்டால் அதை மட்டும் மாற்றலாம், நம்பர் அசையாது. இன்னொன்று, சின்னக் கடைகளுக்கு ஏற்றது: கம்பெனி பெயரில் ஒரு மொபைல் நம்பர் எடுத்து, போர்டிலும் பில்லிலும் அதையே அச்சடித்து, வரும் அழைப்பை கிளவுட் நம்பருக்கு ஃபார்வர்டு செய்வது. அந்த சிம் மேனேஜர் பெயரில் இருக்கக் கூடாது, அவர் வேலையை விட்டால் நம்பரும் கூடவே போகும். ரீசார்ஜையும் மறக்கக் கூடாது.

கையெழுத்துப் போடும் முன் ஒரே கேள்வியை ஈமெயிலில் அனுப்புங்கள்: “நாங்கள் விலகினால் இந்த நம்பர் என்ன ஆகும்?” பதிலும் எழுத்தில் வரட்டும். போனில் சொன்ன பதில் கணக்கில் சேராது.

பத்து யூசர், இரண்டு சேனல்

யூசர் எத்தனை என்று பார்ப்பவர்கள், ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு ஓடும் என்று பார்ப்பதில்லை. இரண்டு சேனல், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு அழைப்பு, என்றால் மூன்றாவது வாடிக்கையாளருக்கு பிஸி டோன்தான். சில பிளான்களில், வரும் அழைப்பை ஊழியரின் மொபைலுக்கு இணைத்தால் உள்ளே வந்ததற்கும் வெளியே போனதற்கும் தனித்தனி நிமிஷக் கணக்கு. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குரல் சரியில்லை என்றதும் பெரிய நெட் பிளான் போடுவது

ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறைகளில் ஒன்று) ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 90 கேபிபிஎஸ் போதும். பத்துப் பேர் சேர்ந்து பேசினாலும் 1 எம்பிபிஎஸ் தாண்டாது. நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது நமக்குக் கேட்கவில்லை என்றால், முதலில் ரூட்டருக்குள் போய் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்ற செட்டிங்கை அணைத்துப் பாருங்கள். உதவுவதற்காக வைத்த வசதிதான், ஆனால் பல ரூட்டர்களில் அழைப்புக்கான முகவரியைத் தப்பாக மாற்றிவிடுகிறது. குரல் விட்டு விட்டு வந்தால், அதே லைனில் யாரோ பெரிய ஃபைல் ஏற்றிக்கொண்டிருக்கலாம். குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும்படி ரூட்டரில் கியூஓஎஸ் என்ற செட்டிங்கைப் போடச் சொல்லுங்கள்.

மேஜை போனை வைஃபையில் ஓட்டுவது

வேண்டாம். கேபிள் இழுங்கள்.

ஷட்டவுன் நாளை மறப்பது

பழைய செம்புக்கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்தது. கரண்ட் போனாலும் போன் அடித்தது. இப்போது மின்வாரியம் பராமரிப்புக்கு ஷட்டவுன் எடுத்தால் எல்லாம் அடங்கிவிடும். பல ஆபீஸ்களில் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருக்கும். பைபர் மோடம் மட்டும் சுவரில் உள்ள சாதாரண பிளக்கில் தொங்கும். மோடம், ரூட்டர், போன்களுக்கு மின்சாரம் தரும் பிஓஇ சுவிட்ச் மூன்றும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101

எக்ஸ்டென்ஷன் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லாத நிறுவனம் என்றால் ஐஎஸ்டியை முழுசாகப் பூட்டச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை ஊகித்து உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசும் திருடர்கள் உள்ளே நுழைவது பெரும்பாலும் ஆபீஸ் பூட்டியிருக்கும் வார இறுதியில். திங்கட்கிழமை நீங்கள் ஆபீஸ் திறப்பதற்குள் பில் ஏறியிருக்கும்.