பாறையைப் பார்த்து வீடு பிடிப்பது எப்படி? (செட்டிநாட்டில் பட்டுத் தெரிந்துகொண்டது)

சென்னையில் இருந்தவரை பாறை ஏற வேண்டுமென்றால் ரயிலேறி ஹம்பிக்கோ பதாமிக்கோ போக வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை போனால் பெரிய விஷயம். வேலை வீட்டிலிருந்தே என்று ஆனதும், மனைவிக்குச் சொந்த ஊர் தேவகோட்டை என்பதால், காரைக்குடிப் பக்கம் குடிபெயர்ந்தோம். பாறைக்குப் பக்கத்தில் வீடு பார்க்கிறேன் பேர்வழி என்று எட்டே மாதத்தில் இரண்டு வீடு மாறினேன். ஒழுங்காகச் செய்திருந்தால் ஒரே வீட்டோடு முடிந்திருக்கும். அந்த ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கயிறு இல்லாமல், கீழே மெத்தை போட்டு, இரண்டு மூன்று ஆள் உயரக் குண்டுப் பாறைகளில் ஏறும் போல்டரிங்குக்குத்தான் இதெல்லாம். அதை எப்படிச் செய்வது என்று இங்கே சொல்லித்தரப் போவதில்லை.

படி 1: என்ன கல் என்று பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மண்ணைத் தோண்டினால் செம்மண்ணும் செம்புராங்கல்லும்தான் வரும். வெட்டும்போது மெத்தென்று இருந்து, காற்றுப்பட்டு இறுகுகிற கல் அது. சுவர் வைக்கலாம், தொங்க முடியாது. நமக்கு வேண்டியது கருங்கல். அது மேற்கே குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி என்று போகப் போகத்தான் தலைகாட்டும். வடக்கே போனால் திருமயம், புதுக்கோட்டைப் பக்கம். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் 'பூகோஷ்' தளத்தில் கல்வகை வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆமை வேகம்தான், ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

(வாடகைத் தளங்களில் 'திருப்பத்தூர்' என்று தேடினால் பாதி வீடுகள் ஏலகிரி அடிவாரத்தில் வரும். அது வேறு திருப்பத்தூர். சிவகங்கை மாவட்டம் என்று சேர்த்துத் தேடுங்கள். நான் ஒரு புரோக்கரிடம் பத்து நிமிஷம் பேசிய பிறகுதான் அவர் ஜோலார்பேட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது.)

படி 2: ஏறக் கூடாத பாறைகளை அடித்துவிடுங்கள்

இந்தப் பக்கத்தின் அழகான பாறைகளில் முக்கால்வாசி இந்தப் பட்டியலில் போய்விடும். பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் கோயில். திருமயம் 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை, தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை மூன்றிலும் குடைவரையோ கல்வெட்டோ சமணர் படுக்கையோ ஏதாவது ஒன்று உண்டு. பல கல்வெட்டுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு தேய்ந்து கிடக்கின்றன. அதன்மேல் சாக் (வழுக்காமல் இருக்கக் கையில் பூசும் வெள்ளைப் பொடி) பூசிய கையை வைத்துத் தேய்ப்பது நமக்கு வேண்டாத வேலை. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். வல்லூறு வகைப் பறவைகள் கூடுகட்டுகிற குன்றுகள் அவை. அங்கே கண்ணால் பார்ப்பதோடு சரி.

மிச்சம் இருப்பது பேர் தெரியாத கரடுகளும் கண்மாய்க் கரைக் குண்டுகளும்தான். போதும், நிறையவே இருக்கின்றன.

படி 3: நிழலைப் பாருங்கள் (நான் விழுந்த பள்ளம் இதுதான்)

முதல் வீட்டைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு மாலை ஐந்தரை மணிக்குப் பாறையைப் போய்ப் பார்த்தேன். மூன்று ஆள் உயரம், சுத்தமான கல், முகம் முழுக்க நிழல். கையை வைத்தால் வெதுவெதுப்பு மட்டும். வீட்டிலிருந்து பைக்கில் எட்டு நிமிஷம். அன்று ராத்திரியே அட்வான்ஸ் கொடுத்தேன்.

என் ஷிஃப்ட் காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை ஆறரைக்கு முடிகிறது. ஆக நான் ஏற முடிந்த நேரம் விடியற்காலை மட்டும். அந்தப் பாறை கிழக்கு முகம். சூரியன் எழுந்ததும் முதல் வெயில் அதன்மேல்தான். பங்குனியில் ஏழரைக்கே விரல் நுனி வியர்த்து வழுக்கியது. எட்டு நிமிஷத் தூரத்தில் பாறை இருந்தும், அதில் எனக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம்.

ஆகவே தூரத்தை அளப்பதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். காலையில் ஏறுகிறவருக்கு மேற்கு முகம் வேண்டும். முந்தின நாள் மாலை வாங்கிய சூடு ராத்திரியில் இறங்கிவிடும், ஒன்பது மணிவரை நிழல் நிற்கும். மாலையில் ஏறுகிறவருக்குக் கிழக்கு முகம். வடக்கு முகம் எப்போதும் நிழல் என்று வடநாட்டு வீடியோக்களில் சொல்வதை நம்பாதீர்கள். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருக்கிறது. சித்திரை தொடங்கி ஆவணி முதல் பாதிவரை உச்சி வெயில் நமக்கு வடக்கேதான் சாய்ந்திருக்கும்.

இதை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். செயற்கைக்கோள் படங்கள் பெரும்பாலும் முற்பகலில் எடுத்தவை, அதனால் நிழல் மேற்கே விழுந்திருக்கும். பாறையின் மேற்கு ஓரத்தில் தடித்த கறுப்புக் கோடு தெரிந்தால் அங்கே செங்குத்தான மேற்கு முகம் இருக்கிறது என்று அர்த்தம். கோடு இல்லாமல் மங்கலாகக் கரைந்தால் சரிவு, ஆடு மேயும் இடம். செல்போனில் இதெல்லாம் சரியாகத் தெரியாது. கணினியில் கூகுள் எர்த் ப்ரோ போடுங்கள். அதில் பழைய வருஷத்துப் படங்களையும் தள்ளிப் பார்க்கலாம் என்பது எனக்கு இன்னும் முக்கியம். பக்கத்துக் கல் குவாரி வருஷா வருஷம் எந்தத் திசையில் வளர்கிறது என்று தெரிந்துவிடும். நான் ஆசைப்பட்ட ஒரு குண்டு, 2019 படத்தில் இருந்தது. இப்போது அங்கே பச்சைத் தண்ணீர்ப் பள்ளம்.

படி 4: தட்டிப் பாருங்கள்

படத்தில் பிடித்த பாறையை நேரில் போய் முஷ்டியால் தட்டுங்கள். வெயிலில் விரிந்து சுருங்கி, நம் கருங்கல் வெங்காயத் தோல்போல ஏடு ஏடாகக் கழலும். கழன்ற ஏடு பொத்தென்று பானைச் சத்தம் கொடுக்கும். சிற்பிகள் கல்லைத் தட்டி, மணிபோல ஒலித்தால் ஆண் கல் என்று தேர்ந்தெடுப்பார்களே, அதே வித்தைதான். கணீரென்று வந்தால் பிடித்துத் தொங்கலாம். அண்ணாந்தும் பாருங்கள். மலைத்தேன் அடை தொங்கினால் சத்தம் போடாமல் திரும்பிவிடுங்கள்.

படி 5: ஊரில் கேளுங்கள்

அரசின் 'தமிழ் நிலம்' இணைய வரைபடத்தில் பாறையைத் தொட்டால் புல எண் வரும். அதை வைத்து அ-பதிவேட்டை (வருவாய்த்துறையின் நிலப் பதிவேடு) பார்த்தால் பட்டா நிலமா, 'கல்லாங்குத்து' 'பாறை' என்று எழுதிய புறம்போக்கா என்று தெரியும். புறம்போக்கு என்றால் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். தப்பு.

இரண்டாவது ஊரில் முதல் நாள் ஷூவை மாட்டும்போது ஆடு ஓட்டி வந்த பெரியவர் நின்றார்.

"தம்பி, மலையில செருப்புக் கால் வைக்கப்படாது."

"செருப்பு இல்லைங்கய்யா, பாறை ஏறுறதுக்குன்னே உள்ளது."

"கால்ல மாட்டுனா செருப்புத்தேன்."

உச்சியில் ஒரு வேல் நட்டிருந்தது. நான் பார்க்கவே இல்லை. ஒரு மாதம் வெறுங்காலோடு ஏறினேன். சரிவுப் பாறையில் அது ஒன்றும் மோசமில்லை, ஆனால் சிறு விளிம்பில் கட்டைவிரல் கிழிந்தது. அப்புறம் டீக்கடையில் அவரே வழி சொன்னார்: வேலுக்குக் கீழே, கண்மாய் ஓரத்துக் குண்டுகளில் ஷூ போடலாம், மேலே வேண்டாம். எழுதாத எல்லைதான், ஆனால் இதுவரை யாரும் தகராறு செய்ததில்லை. ஊர்ப் பையன்கள் வந்து பார்ப்பார்கள். அவர்களில் ஒருவன், நான் மூன்று வாரமாக மல்லுக்கட்டிய குண்டில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டான். ஊரின் பெயரைப் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

படி 6: இப்போது வீடு

என் ஓட்டு சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு. காரைக்குடிதான் வசதி, சென்னைக்குப் பல்லவன் ரயில் அங்கிருந்தே கிளம்புகிறது. ஆனால் கருங்கல்லைத் தொட விடியற்காலையில் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். சிங்கம்புணரி பாறைக்குக் கிட்டே, பிரான்மலையும் பக்கத்தில். ஆனால் வேலைக்கு வேண்டிய இணைய வேகம் நான் பார்த்த தெருக்களில் வரவில்லை. திருப்பத்தூர் இரண்டுக்கும் நடுவில்.

முற்றம் வைத்த பெரிய செட்டிநாட்டு வளவு வீட்டில் குடியிருக்க ஆசைப்பட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து புள்ளி (கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி) பங்கு இருக்கும், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். எனக்குச் சாவியைக் காட்டிய ஆச்சி, "அப்பச்சி வீட்டுப் பங்காளிக எல்லாரும் சரின்னு சொல்லணும்ல" என்றார்கள். சொல்லி முடிப்பதற்குள் ஒப்பந்தக் காலமே முடிந்துவிடும். புதுத் தெருவில் மாடி வீடு பாருங்கள், மாடிப்படி அகலத்தை டேப் வைத்து அளங்கள். என் கிராஷ் பேட் (ஏறும்போது கீழே போடுகிற மெத்தை) முதல் வீட்டு மாடிப்படி வளைவில் சிக்கி, கடைசிவரை வராந்தாவிலேயே கிடந்தது.

பிறகு சேர்த்தது: கிராஷ் பேடுக்குப் பதில் இலவம்பஞ்சு மெத்தை போதுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போதாது. நானும் செய்துபார்த்தேன். பஞ்சு ஒதுங்கி, குதிகால் நேராகக் கல்லில் இடித்தது. நான்கு நாள் நொண்டினேன். பேடுக்குச் செலவழியுங்கள், ஷூவில் மிச்சம் பிடியுங்கள். நம் சரிவுப் பாறைகளுக்கு மலிவான தட்டை ஷூவே நல்லது, நுனி வளைந்த விலையுயர்ந்த ஷூ தேவையில்லை.

மறுபடியும் சேர்த்தது: ஐப்பசியில் குடிவந்த ஒருவர், பாறை முழுக்கப் பாசி என்று எழுதியிருந்தார். வடகிழக்குப் பருவமழை முடியட்டும். மார்கழிப் பனி விலகும்போது போய்ப் பாருங்கள், கல் பிடி கொடுக்கும்.