வாதுமை சிவக்கும் காலை: நாயுடன் நடந்து இலை நிறத்தைப் படமெடுப்பது எப்படி?

கனடாவிலிருந்து உறவினர்கள் அனுப்பும் மேப்பிள் மரப் படங்களைப் பார்த்து ஏங்குகிறவர்களை நான் நாட்டு வாதுமை மரத்தடிக்கு அழைத்துச் செல்வேன். யாழ்ப்பாணத்தில் காடு முழுவதும் ஒன்றாக நிறம் மாறுவதில்லை. மாரிமழை ஓய்ந்து தை பிறந்ததும் வாதுமையின் அகன்ற இலைகள் ஒவ்வொன்றாகச் சிவக்கும். பூவரசு வேலியிலும் அங்கங்கே மஞ்சள் தட்டும். மரம் முழுவதும் சிவக்கும்வரை காத்திருக்காதீர்கள். பச்சைக்கு நடுவே பத்துப் பதினைந்து இலைகள் மட்டும் சிவந்திருக்கும் முதற்கிழமைதான் எனக்குப் பிடித்தது. பக்கத்தில் பச்சை இருந்தால்தான் சிவப்பு எடுபடும்.

முதலில் நேரம். தை மாதத்தில் சூரியன் ஏறத்தாழ 6.30 மணிக்கு எழுகிறது. 7 மணிக்குள் ஒழுங்கையில் இறங்கிவிடுங்கள். 8.30க்குப் பிறகு வெயிலில் நிறம் வெளுத்துவிடும், மணலும் நாயின் பாதத்தைச் சுடத் தொடங்கும். ஒரு போத்தல் தண்ணீர், நீளமான கயிறு, சட்டைப்பையில் இரண்டு பிஸ்கட் போதும்.

அடுத்து, முதல் கால்மணி நேரம் கைபேசியை எடுக்கவே வேண்டாம். என் நாய் வீமன் பனங்கூடலின் வேலிக் கதியால்களை எல்லாம் முகர்ந்து முடிக்கும்வரை கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பான். முடித்ததும் தானாக நிற்பான். அதன் பிறகுதான் நம் வேலை. ஆனால் நடந்து பழகிய பாதையைவிட்டு இறங்காதீர்கள், கயிற்றையும் அவிழ்க்காதீர்கள். சருகுக்குள் புடையன் பாம்பு கிடக்கலாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் எந்தப் படத்துக்காகவும் கால் வைக்கக் கூடாது.

இனி ஒளி. புதிதாகப் படமெடுப்பவர்கள் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இலையை எடுப்பார்கள். அதை மாற்றிப் பாருங்கள். இலை நடுவிலும் சூரியன் அதன் பின்னாலும் இருக்கும்படி மரத்தடியில் போய் நில்லுங்கள். சென்ற கிழமை எங்கள் ஒழுங்கையில் ஓர் இலையைப் பார்த்தேன். காம்புப் பக்கம் பச்சை, நடுநரம்பு மஞ்சள், ஓரமெல்லாம் கடுஞ்சிவப்பு, புழு தின்ற இரண்டு ஓட்டைகளில் வானம். வெயில் பட்ட பக்கத்திலிருந்து பார்த்தபோது துருப்பிடித்த தகரம் போலிருந்த அதே இலை, மறுபக்கம் போனதும் விளக்கேற்றியது போல எரிந்தது. இலையில் பச்சையம் குறையும்போது உள்ளே மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்பைத் தரும் அந்தோசயனினோ உதிர்வதற்குச் சற்று முன் புதிதாக உண்டாகிறது. அதனால்தான் ஒரே இலையில் மூன்று நிறங்களையும் பிடிக்க முடிகிறது.

கைபேசித் திரையில் அந்த இலையைத் தொடுங்கள். பக்கத்தில் சிறிய சூரியக் குறி தோன்றினால் அதைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். சிவப்புக்குள் நரம்புகள் தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். வெளிச்சம் கூடினால் நரம்பு மறைந்து வெறும் சிவப்புத் திட்டுத்தான் மிஞ்சும். படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் வெண்சமநிலையை (white balance) மாற்றும் வசதி இருந்தால் 'மேகமூட்டம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், காலையின் இளஞ்சூடு படத்தில் தங்கும்.

கடைசியாக நாய். முழங்காலிட்டு அதன் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். வீமன் செம்மண் நிறம், சிவந்த சருகின் மேல் இருத்தினால் காணாமலே போய்விடுவான். அதனால் பின்னால் பச்சைப் பனை வடலி வரும்படி இருத்துகிறேன். கறுப்பு நாயென்றால் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, திரையில் நாயைத் தொடாமல் இலையைத் தொடுங்கள். நாயைத் தொட்டால் கைபேசி படத்தையே வெளிறச் செய்துவிடும். நாய்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிவதில்லை, ஆகவே அழகிய இலையைக் காட்டி அழைப்பதில் பயனில்லை. காய்ந்த சருகொன்றைக் கைக்குள் நொறுக்குங்கள். காது நிமிர்ந்து கண் உங்கள் பக்கம் திரும்பும், அந்த நொடியில் எடுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் ஓடும் நாய்க்கு ஷட்டர் வேகத்தை 1/500 நொடி அல்லது அதைவிட வேகமாக வையுங்கள்.

பழகிய பிறகு ஒரே கிளையைத் தேர்ந்து பத்து நாட்கள் அதே இடத்தில் நின்று எடுத்துப் பாருங்கள். என்னிடமுள்ள வரிசையில் எட்டாம் நாள் அந்த இலை கிளையில் இல்லை. கீழே அதன்மேல் மூக்கை வைத்தபடி வீமன் நிற்கிறான்.